வணிகத்துக்கு வழிகாட்டும் கணிப்பொறி: ஒரு திறனாய்வு

வணிக நிர்வாகம் பற்றிய நூல்களிலும் சொற்பொழிவுகளிலும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஒரு பெரிய கடை நிறுவனம் தன் விற்பனைச் சீட்டுகள் அனைத்தையும் கணிப்பொறிக்குக் கொடுத்ததாம். கணிப்பொறி வியப்பான செய்தி ஒன்றைக் கண்டுபிடித்ததாம். மாலை நேரத்தில் குழந்தைக்கு அணையாடை (டயப்பர்) வாங்க வரும் இளந்தந்தையர் கூடவே பீரும் வாங்கிச் செல்கிறார்கள் என்பதே அச்செய்தி. உடனே நிர்வாகிகள் இரண்டு பொருள்களையும் அருகருகே அடுக்கி வைத்தார்களாம். இரண்டின் விற்பனையும் மளமளவென்று ஏறிற்றாம்.

கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால் அறிவியல் நோக்குடைய வாசகர் இங்கே இரண்டு வினாக்களைக் கேட்க வேண்டும். ஒன்று, இக்கதை உண்மையில் நடந்ததா? மற்றொன்று, கணக்குகளைக் கணிப்பொறியிடம் கொடுத்துவிட்டால் கடைக்காரர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதுவே சொல்லிவிடுமா? உங்களில் சிலர் வணிகம் செய்பவர்களாக இருக்கலாம். சிலர் நிறுவனங்களில் பணியாற்றலாம். பொருள் வாங்குபவர்கள் என்ற முறையில் நாம் அனைவருமே இந்த அமைப்புகளுக்குள் அகப்பட்டிருக்கிறோம். ஆகவே இவ்வினாக்களுக்கு விடை காண்பது நம் அனைவருக்கும் பயன்படும்.

தகவல் அமைப்பு என்பது என்ன?

எந்தப் பொருளை எவ்வளவு வாங்கி வைப்பது, என்ன விலை வைப்பது, எங்கே விற்பது, எப்படி விளம்பரம் செய்வது? வணிகர் அன்றாடம் முடிவு செய்ய வேண்டியவை இவை. சிறிய மளிகைக் கடைக்காரர் இவற்றைத் தம் நினைவாலும் பேரேட்டாலும் முடிவு செய்கிறார். எந்த வீட்டுக்கு மாதம் எத்தனை கிலோ துவரம் பருப்பு போகிறது என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் ஆயிரம் கிளைகள் உள்ள நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் அமர்ந்திருப்பவருக்கு எந்த வாடிக்கையாளரின் முகமும் தெரியாது. அவருக்கு முகங்களின் இடத்தில் எண்கள்தாம் உண்டு.

அந்த எண்களை ஒழுங்காகத் திரட்டி, சேமித்து, அலசி, முடிவெடுப்பவரின் மேசைக்கு உரிய நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடே சந்தைத் தகவல் அமைப்பு ஆகும். 1966ஆம் ஆண்டிலேயே ஃபிலிப் காட்லர் என்ற அமெரிக்கப் பேராசிரியர், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சந்தைச் செய்திகளுக்கென ஒரு நரம்பு மையம் தேவை என்று எழுதினார். அந்நாளில் அது பெரும்பாலும் எண்ணமாகவே இருந்தது. செய்தியைத் திரட்டுவதற்கான எளிய வழி இல்லாததே காரணம். கடையில் எது விற்றது என்பதை அறிய வேண்டுமானால் அலமாரியில் எஞ்சியிருப்பதை ஆள் வைத்து எண்ண வேண்டியிருந்தது.

பட்டைக் கோடுகள் செய்த மாற்றம்

1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகரில் உள்ள மார்ஷ் அங்காடியில் ஒரு சூயிங்கம் பொட்டலம் விற்பனையாயிற்று. விலை 67 சென்ட். பொருளின் மேல் அச்சிட்ட கறுப்பு வெள்ளைப் பட்டைக் கோடுகளை ஒளிக்கற்றையால் படித்து விலை போடப்பட்ட முதல் விற்பனை அதுவே. இம்முறைக்கு அடிப்படையான கருத்தை ஜோசஃப் உட்லண்ட், பெர்னார்ட் சில்வர் ஆகிய இருவர் பல ஆண்டுகளுக்கு முன்பே உருவாக்கி 1952இல் காப்புரிமை பெற்றிருந்தனர். அங்காடிகளில் நடைமுறைக்கு வந்த வடிவத்தை அமைத்தவர் ஐ.பி.எம். நிறுவனப் பொறியாளர் ஜார்ஜ் லாரர்.

இந்தக் கோடுகள் 12 இலக்க எண் ஒன்றைக் குறிக்கின்றன. முதல் 11 இலக்கங்கள் பொருளையும் அதன் உற்பத்தியாளரையும் அடையாளம் காட்டும். பன்னிரண்டாவது இலக்கம் சோதனை இலக்கம் ஆகும். அது எப்படி வருகிறது என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக 12345678901 என்ற எண்ணைக் கொள்வோம். ஒற்றைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டினால் 26. அதை மூன்றால் பெருக்கினால் 78. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை 20. இரண்டும் சேர்ந்து 98. இதை அடுத்த பத்தின் மடங்காகிய 100 ஆக்க 2 தேவை. அந்த 2தான் சோதனை இலக்கம். கருவி ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்துவிட்டால் கணக்கு ஒத்துவராது. உடனே பிழை வெளிப்பட்டுவிடும்.

எண் சரியாகப் படிக்கப்பட்டதா என்பதற்கு இவ்வளவு கச்சிதமான சோதனை இருக்கிறது. அந்த எண்களிலிருந்து நாம் எடுக்கும் முடிவு சரிதானா என்பதற்கு இப்படிப்பட்ட சோதனை உண்டா? இதுவே நம் கட்டுரையின் மையமான வினா.

பீரும் டயப்பரும்

இனி முதலில் சொன்ன கதைக்கு வருவோம். டேனியல் பவர் என்ற பேராசிரியர் 2002ஆம் ஆண்டில் இக்கதையின் மூலத்தைத் தேடிச் சென்றார். 1992ஆம் ஆண்டில் டெராடேட்டா என்ற கணிப்பொறி நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் பிளிஷோக் என்பவரும் அவருடைய குழுவினரும் ஆஸ்கோ என்ற மருந்துக் கடை நிறுவனத்துக்காக ஓர் அலசலைச் செய்தனர். ஏறத்தாழ 25 கடைகளிலிருந்து 12 இலட்சம் விற்பனைச் சீட்டுகள் ஆராயப்பட்டன. மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் பீரும் டயப்பரும் சேர்ந்து வாங்கப்படுவது தெரிந்தது. இவ்வளவும் உண்மை.

ஆனால் ஆஸ்கோ நிர்வாகிகள் அப்பொருள்களை அருகருகே நகர்த்தவே இல்லை! நகர்த்தாதபோது விற்பனை ஏறியதாகச் சொல்வதற்கு இடம் ஏது? அதாவது, கதையில் கண்டுபிடிப்பு மட்டுமே மெய். அதன்மேல் எடுத்த முடிவும், முடிவால் விளைந்த இலாபமும் பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்த அலங்காரங்கள். தகவல் அமைப்பு முடிவெடுக்க உதவும் என்பதற்குச் சான்றாகப் பல ஆண்டுகள் சொல்லப்பட்டு வந்த கதையில், முடிவு என்பதே எடுக்கப்படவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

சரி, நகர்த்தியிருந்தால்தான் விற்பனை ஏறியிருக்குமா? அதுவும் உறுதியில்லை. மாலை 5 மணிக்கு மேல் வேலை முடிந்து வீடு திரும்புவோர் கடைக்கு வருகிறார்கள். அந்நேரத்தில் எல்லாப் பொருளுமே மிகுதியாக விற்கும். பீர் வாங்குவதற்கு டயப்பர் காரணமன்று. டயப்பருக்குப் பீரும் காரணமன்று. இரண்டுக்கும் பொதுவான மூன்றாவது காரணமாக நேரம் இருந்திருக்கலாம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் அறிவோம். பழத்தை விழச் செய்ய விரும்புபவர் காக்கைகளைப் பிடித்துக்கொண்டு வந்து பயனில்லை.

ஐந்து கோடி இணைகள்

எந்தெந்தப் பொருள்கள் சேர்ந்து வாங்கப்படுகின்றன என்பதைப் பெருங்கணக்குகளிலிருந்து விரைவாகக் கண்டறியும் முறைகளை ராகேஷ் அகர்வாலும் அவருடைய கூட்டாளிகளும் 1993, 1994ஆம் ஆண்டுகளில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியிட்டனர். கணிப்பொறியியலில் அது பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. குறை அம்முறையில் இல்லை. அதன் விடைகளை நாம் படிக்கும் விதத்தில்தான் இருக்கிறது. இரண்டு எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

ஒரு கடையின் 1,000 சீட்டுகளில் 100இல் காப்பித்தூள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 100இல் 80 சீட்டுகளில் சர்க்கரையும் இருக்கிறது. காப்பித்தூள் வாங்குவோரில் 80 விழுக்காட்டினர் சர்க்கரையும் வாங்குகிறார்கள் என்று அறிக்கை சொல்லும். நிர்வாகி மகிழ்ந்து போவார். ஆனால் மொத்தமுள்ள 1,000 சீட்டுகளில் 800இல் சர்க்கரை இருந்தால்? காப்பித்தூள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நூற்றுக்கு 80 பேர் சர்க்கரை வாங்கத்தான் செய்கிறார்கள். இரண்டுக்கும் ஒட்டுறவு ஏதும் இல்லை. 80 என்ற எண்ணைத் தனியே பார்த்தவர் ஏமாந்தார். அதைப் பொது விகிதத்தோடு ஒப்பிட்டவர் தப்பினார்.

இரண்டாவது எடுத்துக்காட்டு இதைவிட முக்கியமானது. 10,000 வகைப் பொருள்கள் உள்ள அங்காடியில் எத்தனை இணைகள் உண்டு? 10,000ஐ 9,999ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 4,99,95,000. அதாவது ஏறத்தாழ ஐந்து கோடி. இவற்றில் எந்த இரண்டுக்கும் உறவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்தில் ஒரு முறை மட்டுமே தற்செயலாக நிகழக்கூடிய அளவுக்கு ஒன்றாக விற்றால்தான் உறவு உண்டு என்று ஒப்புக்கொள்வோம் எனக் கடுமையான விதி வைக்கிறோம். அப்படியும் தற்செயலாலேயே ஏறத்தாழ 50,000 இணைகள் தேறிவிடும். அவற்றில் நாலைந்து இணைகள் வேடிக்கையானவையாக இருக்காதா? வேடிக்கையான இணை கிடைத்ததும், இளந்தந்தை மாலையில் கடைக்கு வருகிறார் என்று கதை கட்டுவது மனிதனுக்குக் கைவந்த கலை. நிறையத் தேடினால் ஏதாவது கிடைத்தே தீரும். கிடைத்தது மெய்யா என்பதைப் புதிய கணக்குகளைக் கொண்டு மீண்டும் சோதித்தால் ஒழிய அறிய முடியாது.

முன்னறிவது வேறு, மாற்றுவது வேறு

அப்படியானால் இந்த அமைப்புகளால் பயனே இல்லையா? அப்படிச் சொல்வது நியாயமாகாது.

2004ஆம் ஆண்டு ஆகஸ்டில் சார்லி என்ற சூறாவளி ஃபுளோரிடா மாநிலத்தைத் தாக்கிற்று. சில வாரங்களில் ஃபிரான்சிஸ் என்ற மற்றொரு சூறாவளி நெருங்கியது. வால்மார்ட் நிறுவனத்தின் தகவல் பிரிவினர், முந்தைய சூறாவளியின்போது கடைகளில் எவை விற்றன என்று தம் சேமிப்பில் தேடினர். கைவிளக்குகள் மட்டுமே மிகுதியாக விற்கும் என்று எவரும் நினைப்பர். ஆனால் ஸ்ட்ராபெர்ரி பழச்சுவை ஊட்டிய பாப்-டார்ட் என்னும் தின்பண்டம் வழக்கத்தைவிட ஏழு மடங்கு விற்றிருந்தது. சூறாவளிக்கு முன் எல்லாவற்றையும்விட மிகுதியாக விற்ற பொருள் பீர். அவற்றை லாரிகளில் ஏற்றிப் புயற்பாதையில் இருந்த கடைகளுக்கு அனுப்பினார்கள். அனுப்பிய சரக்கில் பெரும்பகுதி விரைவில் விற்றுவிட்டது.

இங்கே மக்கள் ஏன் பாப்-டார்ட்டை நாடினர் என்பதை அறிய வேண்டிய கட்டாயம் இல்லை. சமைக்காமல் தின்னலாம், கெடாது என்பவை காரணங்களாக இருக்கலாம். இருந்தாலும் இல்லாவிட்டாலும், புயல் வந்தால் அது விற்கும் என்பதே சரக்கு அனுப்பப் போதுமானது. வணிகர் இங்கே சந்தையை மாற்ற முயலவில்லை. வரப்போவதை அறிந்து அதற்கு ஆயத்தம் செய்கிறார். இதற்கு ஒட்டுறவு போதும்.

விலையைக் குறைப்பதும், விளம்பரம் செய்வதும், பொருளை இடம் மாற்றுவதும் வேறு வகை. இங்கே வணிகர் சந்தையில் தலையிடுகிறார். தலையீட்டின் விளைவை அறியக் காரண காரிய உறவு தெரிய வேண்டும். சேவல் கூவுவதைக் கேட்டுப் பொழுது விடியப் போகிறது என்று அறியலாம். சேவலைக் கூவச் செய்து பொழுதை விடியச் செய்ய முடியாது. தகவல் அமைப்புகளைப் புகழ்ந்து எழுதும் பலர் இந்த வேறுபாட்டை வாசகருக்குச் சொல்வதில்லை என்பதே என் முதன்மையான குற்றச்சாட்டு.

விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தவர்கள்

காரணத்தை அறிய அறிவியல் கண்டுள்ள வழி சோதனை. புதிய உரத்தின் பயனை அறிய விரும்பும் வேளாண்மை ஆய்வாளர் என்ன செய்கிறார்? வயலைப் பாத்திகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் சிலவற்றுக்கு மட்டும் உரம் இட்டு, மற்றவற்றோடு ஒப்பிடுகிறார். வணிகத்திலும் இது முடியும்.

அமெரிக்காவில் 1979இல் தொடங்கப்பெற்ற ஐ.ஆர்.ஐ. என்ற ஆய்வு நிறுவனம் இதற்கென்றே சில சிறு நகரங்களைத் தேர்ந்தெடுத்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டு, இந்தியானா மாநிலத்தின் மேரியன் ஆகியவை அவற்றுள் அடங்கும். ஆய்வில் சேர ஒப்புக்கொண்ட குடும்பங்களுக்கு அடையாள அட்டை தரப்பட்டது. கடையில் அட்டையைக் காட்டிப் பொருள் வாங்கினால் பட்டைக் கோட்டுக் கருவி அனைத்தையும் பதிவு செய்யும். கேபிள் வழியே தொலைக்காட்சி பார்க்கும் இக்குடும்பங்களுக்கு வெவ்வேறு விளம்பரங்களைக் காட்டவும் ஏற்பாடு இருந்தது. ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு விளம்பரம் வரும். அடுத்த வீட்டுக்கு வராது. இத்தகைய 389 சோதனைகளை லெனார்டு லோடிஷும் அவருடைய கூட்டாளிகளும் ஆராய்ந்து 1995இல் முடிவுகளை வெளியிட்டனர். விளம்பரத்தின் அளவைக் கூட்டுவதால் மட்டும் பொதுவாக விற்பனை கூடிவிடுவதில்லை என்பது அவர்கள் கண்ட முடிவுகளுள் ஒன்று. விளம்பரத் துறையின் பொது நம்பிக்கைக்கு இது மாறானது.

இன்னும் தெளிவான சான்று ஈபே என்ற இணைய வணிக நிறுவனத்திலிருந்து கிடைத்தது. இணையத்தில் தேடுவோர் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்தால் விடைகளுக்கு மேலே விளம்பரங்கள் தோன்றும். அவற்றைச் சொடுக்கும் ஒவ்வொரு முறைக்கும் விளம்பரதாரர் பணம் கட்ட வேண்டும். விளம்பரத்தைச் சொடுக்கி வந்தவர்கள் நிறையப் பொருள் வாங்கினார்கள் என்று கணக்குகள் காட்டின. போட்ட பணம் பன்மடங்காகத் திரும்புகிறது என்றே தோன்றிற்று.

தாமஸ் பிளேக், கிறிஸ் நாஸ்கோ, ஸ்டீவன் டடெலிஸ் ஆகிய மூவரும் இதைச் சோதித்தனர். 2012 மார்ச்சில், ஈபே என்ற பெயரையே தட்டச்சு செய்து தேடுவோருக்குக் காட்டப்பட்ட விளம்பரங்கள் சில தேடு தளங்களில் நிறுத்தப்பட்டன. என்ன ஆயிற்று? விளம்பரத்தைச் சொடுக்கி வந்துகொண்டிருந்தவர்களில் 99.5 விழுக்காடு, கீழே இருந்த சாதாரண விடையைச் சொடுக்கி இலவசமாகவே வந்து சேர்ந்தனர்! நீங்கள் ஒரு கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். கடை வாசலில் ஒருவர் நின்று துண்டுச் சீட்டு ஒன்றை உங்கள் கையில் கொடுக்கிறார். அவர் கொடுத்த சீட்டோடு உள்ளே நுழைந்த அனைவரையும் நானே அழைத்து வந்தேன் என்று அவர் கடைக்காரரிடம் கூலி கேட்டால் எப்படி இருக்கும்? ஈபே கட்டிவந்த பணமும் ஏறத்தாழ அத்தகைய கூலிதான்.

அடுத்து, பொருள்களின் பெயர்களுக்கான விளம்பரங்களை நாட்டின் சில பகுதிகளில் மட்டும் நிறுத்தி, மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டனர். ஈபேயை முன்பின் அறியாதவர்களிடமும் எப்போதாவது வாங்குபவர்களிடமும் விளம்பரம் ஓரளவு வேலை செய்தது. ஆனால் செலவின் பெரும்பகுதி, எப்படியும் வாங்கியிருக்கக்கூடிய வழக்கமான வாடிக்கையாளர்களுக்கே போயிற்று. மொத்தத்தில் அவ்விளம்பரச் செலவு நட்டமே என்பது அவர்களின் மதிப்பீடு. 2015இல் இவ்வாய்வு வெளியாயிற்று. ஒரே நிறுவனம், ஒரே கணக்குப் புத்தகம். வெறும் ஒட்டுறவைப் பார்த்தவருக்குப் பெரும் இலாபம், சோதனை செய்தவருக்கு நட்டம்! கணிப்பொறியின் ஆற்றலில் மாற்றம் இல்லை. கேட்கப்பட்ட கேள்விதான் மாறியது.

பதிவாகாத செய்திகள்

தகவல் அமைப்புகளின் மற்றொரு குறை, அவற்றில் நடந்தது மட்டுமே பதிவாகும், நடக்காதது பதிவாகாது. ஒரு கடையில் காலையில் 40 சோப்புக் கட்டிகள் இருந்தன. பிற்பகல் 3 மணிக்குள் அனைத்தும் விற்றுவிட்டன. அதற்குப் பின் 20 பேர் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினர். கணிப்பொறியின் கணக்கில் அன்றைய விற்பனை 40. எனவே தேவையும் 40 என்று கொண்டு அடுத்த நாளுக்கும் 40 கட்டிகளே வரவழைக்கப்படும். மீண்டும் 40 விற்கும்; கணிப்பு மிகச் சரியாக இருந்தது என்று அறிக்கை பாராட்டும்! திரும்பிப் போன 20 பேரைப் பற்றி எந்த எண்ணும் பேசாது. நல்ல அமைப்புகளில் சரக்கு எந்த மணிக்குத் தீர்ந்தது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். ஆனால் அதைச் சேர்க்க வேண்டும் என்று முதலில் ஒரு மனிதருக்குத் தோன்ற வேண்டும்.

கேட்காத கேள்விக்கும் விடை பதிவாகாது. கோக்கோ கோலா நிறுவனம் 1985ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் தன் பானத்தின் செய்முறையை மாற்றியது. அதற்கு முன் ஏறத்தாழ 2,00,000 பேரிடம் சுவைச் சோதனை நடத்தியிருந்தது. புதிய சுவைக்கே பெரும்பாலோர் வாக்களித்தனர். ஆனால் பழைய பானம் கடைகளிலிருந்து மறைந்ததும் எதிர்ப்பு மூண்டது. கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் குவிந்தன. 79 நாள்களில் பழைய பானம் திரும்பி வந்தது. சுவைச் சோதனை சுவையைச் சரியாகவே அளந்தது. பழகிய ஒரு பொருளின் மேல் மக்கள் வைத்திருந்த பற்றை அது அளக்கவில்லை. இரண்டு இலட்சம் என்ற எண்ணின் பெருமை, அளக்கப்படாததை மறைத்துவிட்டது.

வாங்குபவரின் பக்கம்

இதுவரை வணிகரின் இலாப நட்டத்தைப் பார்த்தோம். தவறான முடிவின் சுமை எப்போதும் வணிகர் மேல் விழுவதில்லை.

அமெரிக்காவின் டார்கெட் என்ற அங்காடி நிறுவனம், பெண்கள் வாங்கும் ஏறத்தாழ 25 வகைப் பொருள்களைக் கொண்டு அவர்கள் கருவுற்றிருக்கிறார்களா என்று கணிக்கும் முறை ஒன்றை உருவாக்கிய செய்தி 2012ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு பெண் கருவுற்றிருப்பது அவளுடைய தந்தைக்குத் தெரியும் முன்பே கடைக்குத் தெரிந்துவிட்டது என்ற கதையும் அதனோடு உலகெங்கும் பரவிற்று. கணிப்பொறியின் ஆற்றலுக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா என்று பலர் வியந்தனர். ஆனால் பலித்த ஒரு கணிப்பைக் கொண்டு முறையின் துல்லியத்தை அளக்க முடியாது. பலிக்காதவை எத்தனை என்றும் கேட்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1,00,000 பெண் வாடிக்கையாளர்களில் 2,000 பேர் கருவுற்றிருக்கிறார்கள். கணிப்பு முறை அவர்களில் 80 விழுக்காட்டினரைச் சரியாகக் கண்டுகொள்கிறது. அதாவது 1,600 பேர். கருவுறாத 98,000 பேரில் 5 விழுக்காட்டினரை மட்டுமே தவறாகக் கருவுற்றவர் என்கிறது. சிறிய பிழைதானே என்று தோன்றும். ஆனால் அது 4,900 பேர்! ஆக, கணிப்பொறி சுட்டிக்காட்டும் 6,500 பேரில் 1,600 பேர்தான் உண்மையில் கருவுற்றவர்கள். நூற்றுக்கு 25க்கும் குறைவு.

கடைக்கு இது நட்டமா? இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினால் நூற்றில் 2 பேருக்குத்தான் தள்ளுபடிச் சீட்டு பொருந்தும். இப்போது 24 பேருக்கு மேல் பொருந்துகிறது. வணிகருக்குப் பன்னிரண்டு மடங்கு முன்னேற்றம். ஆனால் தவறாகக் குறிக்கப்பட்ட 4,900 பேரில் குழந்தைக்காக ஏங்குபவர் இருக்கலாம். கருவை அண்மையில் இழந்தவர் இருக்கலாம். அவர்கள் வீட்டுக்குத் தொட்டில் விளம்பரம் போவதன் வேதனை எந்த இலாப நட்டக் கணக்கிலும் ஏறாது. சரியாகக் குறிக்கப்பட்ட 1,600 பேரிலும், அச்செய்தியைத் தாமே சொல்ல விரும்பியவர்கள் இருந்திருப்பார்கள். ஒரு பெண் கடைக்குக் கொடுத்தது பொருளின் விலையை. கடை எடுத்துக்கொண்டது அவளுடைய அந்தரங்கத்தை. இந்தியாவில் 2023ஆம் ஆண்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டதற்குப் பின்னணியாக உள்ள கவலைகளுள் இதுவும் ஒன்று.

பழைய எச்சரிக்கைகள் இரண்டு

இக்குறைகள் புதியவை அல்ல. 1967ஆம் ஆண்டிலேயே ரஸ்ஸல் அக்காஃப் என்ற அறிஞர் நிர்வாகத் தகவல் அமைப்புகளைக் கடுமையாக விமர்சித்துக் கட்டுரை எழுதினார். நிர்வாகிகளுக்குத் தேவையான தகவல் கிடைப்பதில்லை என்று அமைப்பாளர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் தேவையற்ற தகவல்களின் வெள்ளத்தில் அவர்கள் மூழ்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றார் அவர். நிர்வாகி கேட்பதையெல்லாம் கொடுத்தால் முடிவு சிறக்கும் என்பதையும், அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை நிர்வாகி புரிந்துகொள்ள வேண்டியதில்லை என்பதையும் அவர் மறுத்தார். தமக்குப் புரியாத அமைப்பை நம்பும் நிர்வாகி அதை நடத்துவதில்லை. அதுவே அவரை நடத்துகிறது.

1970ஆம் ஆண்டில் ஜான் லிட்டில் என்ற பேராசிரியர், நிர்வாகிக்கு உதவும் கணித மாதிரி எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுத்தார். அது எளிமையாக இருக்க வேண்டும். எளிதில் அபத்தமான விடை தராததாக இருக்க வேண்டும். பயன்படுத்துபவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். புதிய செய்தி வந்தால் மாற்றிக்கொள்ளக் கூடியதாக, முக்கியமானவற்றை விட்டுவிடாததாக, எளிதில் உரையாடக் கூடியதாக இருக்க வேண்டும். இன்று கோடிக்கணக்கான பதிவுகளை நொடியில் அலசும் பொறிகள் வந்துவிட்டன. ஆயினும் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தால் அவற்றில் பல தேறுமா என்பது ஐயமே. வேகம் கூடியிருக்கிறது, உண்மைதான். எதனால் இந்த விடை என்று கேட்டால் பதில் சொல்லும் பழக்கம் அதே அளவில் கூடவில்லை.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே வாசகர்களே, கணிப்பொறியின் அலசல்படி இப்படிச் செய்யலாம் என்று இனி எவரேனும் உங்களிடம் சொன்னால், அஞ்சவும் வேண்டாம்; அப்படியே ஏற்கவும் வேண்டாம். சில வினாக்களைக் கேளுங்கள். இது வரப்போவதைக் கூறும் கணிப்பா, அல்லது நாம் ஒன்றைச் செய்தால் என்ன விளையும் என்ற கூற்றா? இரண்டாவது என்றால், செய்யாத இடத்தோடு ஒப்பிட்டுச் சோதித்தார்களா? எத்தனை இடங்களில் தேடி இந்த ஒன்றைக் கண்டார்கள்? புதிய கணக்கிலும் அது நின்றதா? இதில் பதிவாகாதவர்கள் யார்? கணிப்பு தவறினால் விலை கொடுக்கப் போவது யார்?

இவற்றைக் கேட்பதற்குக் கணிப்பொறிப் படிப்பு தேவையில்லை. பள்ளியில் கற்ற விகிதக் கணக்கும், உரப் பாத்தியின் பக்கத்தில் உரமிடாத பாத்தியையும் பார்க்கும் பழக்கமும் போதும். பட்டைக் கோட்டின் பதினொரு இலக்கங்களுக்குப் பன்னிரண்டாவது இலக்கம் காவல் நிற்கிறது. கணிப்பொறி தரும் விடைக்கு அத்தகைய இலக்கம் எதுவும் அச்சிடப்பட்டு வருவதில்லை. அந்தக் காவலை விடையைப் பெறுபவர்தான் செய்ய வேண்டும். வணிகராயினும் வாங்குபவராயினும் இதை நினைவில் கொண்டால், கணிப்பொறி நமக்கு நல்ல கணக்கப்பிள்ளையாகப் பயன்படும். முதலாளியின் நாற்காலியை அதற்குக் கொடுத்துவிட வேண்டியதில்லை.